வென்றோரும் எதிர்நின்றோரும்
(டென்னிஸ் வீரரைக் காலங்கடந்து ஒப்பிடும் முறைமை பற்றியதோர் ஆராய்ச்சி)

முன்னுரை

தாவீது என்னும் இளைஞன் கோலியாத்து என்னும் பெலிஸ்தியனைக் கவண்கல்லால் வீழ்த்திய வரலாற்றை இளமையிற் கேட்டிராதார் நம்முள் அரியர். அவ்வரலாற்றைக் கூறும் திருமறை, போர் தொடங்குமுன் ஒரு செய்தியை விரித்துரைக்கின்றது. கோலியாத்தின் உயரம் இத்தனை முழம், அவன் கவசத்தின் நிறை இவ்வளவு, அவன் ஈட்டிமுனையின் இரும்பு இவ்வளவு என்று அளந்து காட்டுகின்றது. தாவீதின் உயரத்தையோ அங்ஙனம் அளந்து கூறிற்றில்லை. என்னை? வென்றவன் பெருமையை அறிதற்கு எதிர்நின்றவன் பெருமையை முன்னர் அறிதல் வேண்டும் என்பது அவ்வாசிரியர் உட்கோள் போலும்.

நம் திருவள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வினைமேற் செல்வான் சீர்தூக்க வேண்டுவனவற்றை நான்காகப் பகுத்துள்ளார். மேற்கொண்ட செயலின் அருமை ஒன்று. தன்னுடைய ஆற்றல் ஒன்று. எதிர்ப்போனுடைய ஆற்றல் ஒன்று. இருவர்க்கும் துணையாய் நிற்பாருடைய ஆற்றல் ஒன்று. அரசர்க்கு உரைத்த இப்பகுப்பு, விளையாட்டு வீரரை ஒப்பிடப் புகுவார்க்கும் மிகப் பயன்படுவதாம்.

இக்காலத்து இளைஞர் கூடுமிடத்தெல்லாம் டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிய ஒரு வழக்கு ஓயாது நிகழ்கின்றது. ஜோகோவிச் 2023-ஆம் ஆண்டளவில் 24 பெரும்பட்டங்களைப் பெற்றார், நடால் 22, பெடரர் 20. ஆதலின் ஜோகோவிச்சே எக்காலத்தும் தலையாயவர் என்பார் ஒரு சாரார். "எண்ணிக்கை என் செய்யும்? இன்னார் காலத்தில் எதிரிகள் வலியற்றவர், எளிதில் வென்றார்" என்பார் மற்றொரு சாரார். முன்னவர் எண்ணையே நம்புகின்றனர். பின்னவர் தமக்கு உவப்பில்லாத எண்ணைக் கழிப்பதற்கு எதிரிகளின் மெலிவைத் துணைக்கொள்கின்றனர். இவ்விரு கூற்றையும் ஆராய்ந்து, காலத்தால் வேறுபட்ட வீரரை ஒப்பிடுதற்கு நேரிய முறை யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிக்கையின் இயல்பு

ஆஸ்திரேலியா, பிரான்சு, விம்பிள்டன், அமெரிக்கா என்னும் நான்கிடத்தும் ஆண்டுதோறும் நடைபெறும் போட்டிகளில் வெல்லும் பட்டங்களையே பெரும்பட்டம் என ஈண்டு வழங்குகின்றோம். இந்நான்கையும் ஓராண்டினுள் ஒருங்கே வெல்லுதலைக் கிராண்ட் ஸ்லாம் என்ப. பட்டம் என்னும் பெயர் அன்றும் இன்றும் ஒன்றாயினும், அப்பெயராற் குறிக்கப்படும் செயலின் அருமை அன்றும் இன்றும் ஒன்றன்று. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

விம்பிள்டன் போட்டி 1877-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டிற் பெயர் கொடுத்தோர் 22 பேரே. அடுத்த ஆண்டு முதல் 1921 வரை ஆங்கு ஒரு வழக்கம் நிலவிற்று. முந்திய ஆண்டில் வென்றவர் ஏனையோரைப்போலச் சுற்றுச் சுற்றாக ஆடவேண்டுவதில்லை. ஏனையோர் தம்முட் பொருது எஞ்சி நிற்கும் ஒருவருடன் இறுதியில் ஓர் ஆட்டம் மட்டும் ஆடிப் பட்டத்தைக் காத்துக்கொள்ளலாம். வில்லியம் ரென்ஷா என்பார் 1881 முதல் 1886 வரை இடையறாது ஆறு முறையும், மீண்டும் 1889-இல் ஒரு முறையுமாக ஏழு பட்டம் பெற்றார். அவற்றுள் 1882 முதல் 1886 வரை பெற்ற ஐந்தும் ஆண்டுக்கோர் ஆட்டமாக ஐந்தே ஆட்டங்களிற் காக்கப்பட்டவை. அவ்வைந்தனுள் இரண்டில் எதிர்நின்றவர் அவருடன் இரட்டையராய்ப் பிறந்த எர்னஸ்ட் ரென்ஷா. மூன்றில் எதிர்நின்றவர் ஹெர்பர்ட் லாபோர்டு.

இனி, 2000-ஆம் ஆண்டில் பீட் சாம்பிராஸ் என்பாரும் விம்பிள்டனில் தம் ஏழாம் பட்டத்தைப் பெற்றார். அவர் காலத்தில் 128 பேர் களம் புகுவர்; ஒரு பட்டத்திற்கு ஏழு சுற்றுக் கடத்தல் வேண்டும். ரென்ஷாவின் ஏழும் சாம்பிராஸின் ஏழும் எண்ணால் ஒன்று. செயலின் அருமையாலோ பெரிதும் வேறு. இதனால் ரென்ஷாவை இகழ்ந்தேமல்லேம். அவர் தம் காலத்து விதிக்கு அடங்கி ஆடினார்; முதற் பட்டத்தை 1881-இல் எல்லாச் சுற்றும் கடந்தே வென்றார். தலைக்குமேல் வரும் பந்தை ஓங்கி அடிக்கும் அடியினைச் சிறப்புற ஆண்டு ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். நாம் கூறுவதெல்லாம், எண்ணை மாத்திரம் அருகருகே நிறுத்துதல் ஒப்புமையாகாது என்பதே.

பிற்காலத்தும் இவ்வேறுபாடு ஒழிந்திலது. சுவீடன் நாட்டுப் பியோன் போர்க் பிரான்சில் ஆறும் விம்பிள்டனில் ஐந்துமாகப் பதினொரு பெரும்பட்டம் பெற்றவர். அவர் ஆஸ்திரேலியப் போட்டியில் ஆடியது 1974-இல் ஒரே ஒரு முறை. ஜிம்மி கானர்ஸ் ஆடியது இரண்டே முறை. அக்காலத்து முன்னணி வீரர் பலர் அந்நெடும் பயணத்தை விரும்பிற்றிலர். நான்கு வாயிலிலும் ஆண்டுதோறும் தவறாது புகுந்த பெடரர் முதலியோரின் கூட்டுத்தொகையை, மூன்று வாயிலிற் புகுந்தாரின் கூட்டுத்தொகையோடு வைத்து எண்ணுவது, மூன்று போகம் விளைத்தவனையும் நான்கு போகம் விளைத்தவனையும் ஒரே மரக்காலால் அளந்து உழைப்பின் ஏற்றத்தாழ்வைக் கூறுவதனோடு ஒக்கும்.

அடைத்த வாயில்

எதிர்நின்றார் வலியை ஆராய்வார் முதற்கண் காண வேண்டுவது, வலியாருள் எத்தனை பேர் எதிர்நிற்க விடப்பட்டனர் என்பதாம். 1968-ஆம் ஆண்டுவரை நான்கு பெரும் போட்டிகளும் ஊதியம் பெறாது ஆடுவோர்க்கே உரியனவாயிருந்தன. அவரை அமெச்சூர் என்றனர். பணம் பெற்று ஆடத் துணிந்தோரைப் புரொபஷனல் எனப் பெயரிட்டு வாயிலுக்குப் புறத்தே நிறுத்தினர். ஆகவே ஒருவர் பெரும்பட்டம் வென்று புகழ் பெற்றவுடன், அப்புகழைக் கொண்டு பிழைக்க விரும்பிப் புரொபஷனலாவார். அன்றே அவர்க்குப் பெரும் போட்டியின் கதவு அடைபடும். அவரில்லாக் களத்தில் அடுத்தவர் வெல்வார். இங்ஙனம் முப்பதாண்டுக்கு மேல் வலியாரை வரிசையாகக் கழித்துக்கொண்டே பட்டங்கள் வழங்கப்பட்டன.

கிராண்ட் ஸ்லாம் என்னும் அருஞ்செயலை முதன்முதல் முடித்தவர் அமெரிக்கராகிய டான் பட்ஜ், ஆண்டு 1938. அவ்வாண்டில் எல்ஸ்வொர்த் வைன்ஸும் பிரெட் பெர்ரியும் புரொபஷனலாய் விலகியிருந்தனர். ஜெர்மானிய வீரராகிய வான் கிராம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இட்லர் அரசினராற் சிறைப்படுத்தப்பட்டார். எனவே பட்ஜின் செயல் எளிதென்று கூறுவார் உளர். ஆயினும் அவர் 1939-இல் தாமும் புரொபஷனலாகி, வைன்ஸையும் பெர்ரியையும் தனித்தனித் தொடராட்டத்திற் பொருது வென்றார். கழிக்கப்பட்ட எதிரிகளைத் தேடிச் சென்று வென்றமையின், அவர்மேற் சார்த்திய ஐயம் பெரும்பாலும் நீங்கிற்று.

எல்லார்க்கும் அவ்வாய்ப்பு வாய்த்திலது. பாஞ்சோ கொன்சாலெஸ் 1948, 1949 ஆகிய ஈராண்டும் அமெரிக்கப் பட்டம் பெற்று 21-ஆம் வயதிற் புரொபஷனலானார். ஐம்பதுகளில் புரொபஷனல்களுள் அவரே முதல்வராய் விளங்கினார். ஆயினும் பெரும்பட்டப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இரண்டென்னும் எண்ணே நிற்கின்றது. வாயில் திறந்தபின் 1969-இல் விம்பிள்டனில் ஆடினார். அப்பொழுது அவர்க்கு 41 வயது. சார்லி பாசரெல் என்னும் இளைஞருடன் முதலிரண்டு செட்டுகளையும் இழந்து, மறுநாள் தொடர்ந்தாடி, மொத்தம் 112 கேம் கொண்ட அவ்வாட்டத்தை வென்றார். அறுபது ஆட்டத்திற்குரிய வலியை ஒருவன் முதுமையிற் காட்டுவானாயின், இளமையில் அவனைப் புறத்தே நிறுத்திய பட்டியலை நாம் எங்ஙனம் முழுதும் நம்புவது?

இனி, இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடி போன்ற சான்று ராட் லேவர் வரலாறு. ஆஸ்திரேலியராகிய இவர் 1962-இல் அமெச்சூராய் நின்று கிராண்ட் ஸ்லாம் முடித்தார். அந்நான்கு இறுதியாட்டங்களுள் மூன்றில் எதிர்நின்றவர் அவர் நாட்டவராகிய ராய் எமர்சன். அடுத்த ஆண்டு லேவர் புரொபஷனலாகி, கென் ரோஸ்வால், லூ ஹோட் என்பாருடன் ஆடினார். உலகத்து முதல்வர் என்று போற்றப்பட்ட அவர், தொடக்கத்தில் அவ்விருவரிடமும் மீண்டும் மீண்டும் தோற்றார். 1962-இல் நான்கு பட்டமும் பெற்றவர் அவ்வாண்டில் உண்மையில் உலக முதல்வரல்லர் என்பது இதனால் விளங்கிற்று. அவர் மனம் உடைந்தாரல்லர். கற்றார், முதிர்ந்தார், சில ஆண்டுகளில் ரோஸ்வாலையும் மிஞ்சினார். 1968-இல் எல்லார்க்கும் வாயில் திறந்தது. 1969-இல் லேவர் இரண்டாம் முறையும் நான்கு பட்டங்களை வென்றார். இம்முறை ஆஸ்திரேலியாவில் ஹிமெனோ, பிரான்சில் ரோஸ்வால், விம்பிள்டனில் நியூகோம்ப், அமெரிக்காவில் டோனி ரோச் ஆகியோர் இறுதியில் வீழ்ந்தனர். புறத்தே நின்ற வலியார் எவருமிலர். ஒரே வீரர், ஒரே செயல், ஏழாண்டு இடைவெளி. ஆயினும் 1962-ஆம் ஆண்டுச் செயலும் 1969-ஆம் ஆண்டுச் செயலும் ஒரு நிறையின அல்ல. இவ்விரண்டையும் பட்டியல் நான்கும் நான்கும் எட்டு என்று கூட்டுகின்றது. இடையில் 1963 முதல் 1967 வரை அவர் புகவொண்ணாத 20 போட்டிகளைப் பற்றியோ அது வாய் திறப்பதில்லை.

அங்ஙனமாயின் அவ்வைந்தாண்டிற் பட்டம் பெற்ற எமர்சன் வறிதே புகழ் பெற்றவரோ எனின், அற்றன்று. எமர்சனுடைய 12 பெரும்பட்டங்களுள் 10 லேவர் விலகியபின் பெற்றவை என்பது மெய்யே. ஆனால் 1961-இல் ஆஸ்திரேலிய இறுதியிலும் அமெரிக்க இறுதியிலும் அவர் வென்றது லேவரையே. அன்றியும் 1968-இல் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் நடந்த முதல் பொதுப் போட்டியில், மார்க் காக்ஸ் என்னும் அமெச்சூர், கொன்சாலெஸையும் அப்பொழுது புரொபஷனலாகியிருந்த எமர்சனையும் வென்றார். அவ்வாண்டு அமெரிக்கப் பொதுப் பட்டத்தை வென்ற ஆர்தர் ஆஷும் அமெச்சூரே. ஆனால் போர்ன்மவுத்தின் இறுதியாட்டத்திலும், பிரான்சின் இறுதியாட்டத்திலும் எதிரெதிர் நின்றவர் ரோஸ்வாலும் லேவரும். இரண்டிலும் வென்றவர் ரோஸ்வால். இவற்றால் அறியப்படுவது யாது? உச்சியில் நின்ற இருவர் மூவர் புரொபஷனலாயிருந்தனர். அவர்க்கு அடுத்த படியில் இருபாலாரும் விரவி நின்றனர். அமெச்சூர் களம் முழுதும் வெறுங்களம் என்பதும் தவறு. அதுவே முழுக்களம் என்பதும் தவறு.

இவ்விடத்து நம் நாட்டு வீரர் ஒருவரையும் இத்தராசில் நிறுத்திப் பார்ப்பது கடனாகும். சென்னையில் வாழ்ந்து வளர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டனில் அரையிறுதிச் சுற்றை எய்தினார். பட்டம் ஒன்றேனும் பெறாமையின் எண்ணுவார் கணக்கில் அவர் பெயர் இடம் பெறுவதில்லை. ஆயின் அவரை வென்றவர் யாவர்? 1960-இல் நீல் பிரேசர், 1961-இல் லேவர். இருவரும் அவ்வவ்வாண்டிற் பட்டம் பெற்றவர். அவர் வென்றவர் யாவர்? 1961 காலிறுதியில் நேர் செட்டுகளில் வீழ்த்தியது, அவ்வாண்டு ஆஸ்திரேலியப் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் பெற்ற எமர்சனை. இது போற்றத்தக்க வலியே. எனினும் அவ்வீராண்டும் கொன்சாலெஸ், ரோஸ்வால், ஹோட் என்பார் அக்களத்தில் இலர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். நம்மவர் என்பதனால் துலாக்கோலை வளைத்தல் நடுவுநிலையாகாது.

ஊதியம் மாத்திரமேயன்றி நிறமும் வாயிலை அடைத்தது. அமெரிக்கத் தேசியப் போட்டியிற் கறுப்பினத்தார் ஒருவர் ஆட இடம் பெற்றது 1950-இலேதான். அவர் ஆல்தியா கிப்சன் என்னும் நங்கை. அவர் 1956-இல் பிரான்சிலும், 1957, 1958 ஆகிய ஈராண்டும் விம்பிள்டனிலும் அமெரிக்காவிலும் வென்றார். கதவு திறந்த சில ஆண்டுகளில் ஒருவர் இவ்வளவு செய்தாராயின், அவர்க்குமுன் கதவண்டை நின்று மூத்துப்போன வலியார் எத்துணையரோ? அவர் பெயரையும் அறியோம். அவரை அளக்கும் கோலும் நம்மிடம் இல்லை. 1950-க்கு முற்பட்ட அமெரிக்கப் பட்டங்களை எண்ணும்போதெல்லாம் இவ்வினா நம் மனத்தில் எழுதல் வேண்டும்.

தடையும் விடையும்

வாயில் திறந்தபின் வந்த காலத்தைப் பற்றி எழும் தடைகளை இனி ஆராய்வாம். உரையாசிரியர் மரபைப் பின்பற்றித் தடையை முதலிலும் விடையை அடுத்தும் வைக்கின்றோம்.

முதற்றடை: பெடரர் 2003 முதல் 2007 வரை வென்ற காலத்தில் எதிரிகள் மெலியர். ஆண்டி ராடிக் ஒரு பெரும்பட்டமே பெற்றார். ஹியூயிட்டும் சாபினும் இவ்விரண்டே பெற்றனர். ஆதலின் பெடரர் பெற்ற வெற்றி எளிது என்பர்.

இதற்கு விடை: இவ்வாதம் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்றது. ராடிக் ஏன் ஒரு பட்டத்தோடு நின்றார்? பெரும் போட்டியின் இறுதியாட்டங்களில் அவர் நான்கு முறை தோற்றார், நான்கும் பெடரரிடமே. 2009 விம்பிள்டன் இறுதியில் ஐந்தாம் செட்டு 16-14 வரை நீண்டது. பெடரர் வலியராயிருந்தமையாலேயே ராடிக்கின் பட்டம் குறைந்தது; அக்குறைவையே எடுத்து ராடிக் மெலியர், ஆகவே பெடரர் எளிதில் வென்றார் என்பது காரியத்தைக் காரணமாக்கிக் கூறும் குற்றமாம். தோற்றவர் வலியை அறிய விரும்புவோர், அவரை வென்றவரை விலக்கி, பிறரோடு அவர் எங்ஙனம் பொருதார் என்று நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கின், ராடிக்கும் ஜோகோவிச்சும் சந்தித்த ஒன்பது ஆட்டங்களில் ஐந்தில் வென்றவர் ராடிக். அவை ஜோகோவிச் தம் உச்சநிலை எய்துமுன் நிகழ்ந்தவை என்பதை மறுத்திலேம். ஆயினும் மெலியர் என்று தள்ளத்தக்கவரின் கணக்கு அதுவன்று.

ஆண்டி மரேயின் செய்தியும் இதனையே வலியுறுத்தும். அவர் 11 பெரும் இறுதியாட்டங்களை எய்தி மூன்றில் வென்று எட்டில் தோற்றார். அவ்வெட்டும் ஜோகோவிச்சிடம் ஐந்து, பெடரரிடம் மூன்று. வேறெவர்க்கும் அவர் இறுதியில் தோற்றிலர். மூன்றென்னும் எண் மரேயின் வலியைக் காட்டுவதினும், எதிர்நின்ற இருவரின் வலியையே மிகுத்துக் காட்டுகின்றது.

இரண்டாந்தடை: ஜோகோவிச் பிற்காலத்திற் பெற்ற பட்டங்கள், பெடரரும் நடாலும் தளர்ந்தபின் பெற்றவை, ஆதலின் எதிரியற்ற வெற்றி என்பர்.

இதற்கு விடை: தளர்ச்சி இருபாலார்க்கும் பொது. ஜோகோவிச் இளையராய் நின்ற காலத்தில் முதிர்ந்த இருவரையும் எதிர்த்தார். நடாலுடன் 60 ஆட்டம் ஆடி 31-இலும், பெடரருடன் 50 ஆட்டம் ஆடி 27-இலும் வென்றார். தாம் முதிர்ந்த காலத்தில் தம்மினும் மிக இளையரை எதிர்த்தார். 2023 விம்பிள்டன் இறுதியில் அல்கராஸிடம் தோற்றார்; 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் 37 வயதினராய் நின்று 21 வயதினராகிய அல்கராஸையே வென்றார். அல்கராஸ் மெலியரோ எனின், 2024, 2025 ஆகிய ஈராண்டின் எட்டுப் பெரும்பட்டங்களையும் அவரும் சின்னரும் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டமை அதற்கு விடை கூறும்.

மூன்றாந்தடை: இக்காலத்தவர் உடற்பயிற்சியாலும் கருவியாலும் மேம்பட்டவர், பண்டையோர் இன்று வந்தால் முதற் சுற்றிலேயே வீழ்வர் என்பர்.

இதற்கு விடை: பண்டையோர் கையில் மரமட்டை இருந்தது. மரமட்டை கொண்டு பெரும்பட்டம் வென்ற ஆடவருள் இறுதியானவர் 1983-இல் பிரான்சில் வென்ற யானிக் நோவா. கனம் குறைந்து முகம் அகன்ற மட்டையும், பந்தை மிகச் சுழலச் செய்யும் நரம்பும் பின்னர் வந்தவை. லேவர் கையில் இன்றைய மட்டையை இளமை முதற் கொடுத்திருந்தால் என் செய்திருப்பார் என்பதும், நடால் கையில் மரமட்டையைக் கொடுத்திருந்தால் என் செய்திருப்பார் என்பதும் நம் அறிவுக்கு எட்டா. மாட்டுவண்டியில் ஊர் கடந்தவனை நோக்கி, நீ ஏன் புகைவண்டியின் விரைவில் வந்திலை என்று கேட்பார் உண்டோ? இத்தடை வினாவே ஆகாது.

ஓர் இடர்

இதுகாறும் கூறியவற்றால் எல்லா ஐயமும் தீர்ந்தன என்று எண்ணியிருந்த எமக்கு, மோனிகா செலஸ் வரலாறு பெரியதோர் இடராய் நின்றது. அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று.

செலஸ் 1993-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எட்டுப் பெரும்பட்டம் பெற்று உலக முதல்வராய் விளங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், ஹாம்பர்க் நகரில், ஆட்டத்தின் இடையே நாற்காலியில் இளைப்பாறியிருந்தபோது, பார்வையாளருள் ஒருவன் பின்னின்று வந்து முதுகிற் கத்தியாற் குத்தினான். ஸ்டெபி கிராப் மீண்டும் முதலிடம் பெறல் வேண்டும் என்பதே அவன் கருத்து. செலஸுக்கு அப்பொழுது வயது 19. இதனை எழுதுவோன் வயதும் அதுவே. உடற்புண் ஆறியும் உள்ளப்புண் ஆறாது, ஈராண்டுக்கு மேல் அவர் களம் புகுந்திலர். 1995 ஆகஸ்டில் மீண்டார். அதன்பின் 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரும்பட்டமே பெற்றார். அவர் இல்லாத அவ்விடைக்காலத்தில் கிராப் ஆறு பெரும்பட்டம் வென்றார். முடிவில் அவர் கணக்கு 22.

இவ்வாறு பட்டங்களை என் செய்வது? கழித்தால், குற்றமற்ற கிராப்பைத் தண்டிக்கின்றோம். அவர் தம்முன் வந்தோரை வென்றார். குத்தியவன் செயலில் அவர்க்குப் பங்கில்லை. 1988-இலேயே நான்கு பட்டமும் ஒலிம்பிக் பொன்னும் ஒருங்கு பெற்றவர் அவர்; 1992 விம்பிள்டன் இறுதியிற் செலஸை வென்றவரும் அவரே. கழிக்காது விட்டால், செலஸுக்கு நேர்ந்த கொடுமை அவர் கணக்கைக் குறைத்தும் கிராப்பின் கணக்கைக் கூட்டியும் காட்டுவதை வாய்மூடி ஒப்புக்கொள்கின்றோம்; குத்தியவன் கருதியதும் அதுவேயன்றோ? பன்னாள் எண்ணியும் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர எம்மால் இயலவில்லை. முடிவில் எமக்குப் புலப்பட்டது இது: எண்ணைத் திருத்துதல் நம் கடமையன்று, அவ்வெண்ணின் அருகே செலஸின் பெயரை மறவாது எழுதுதலே கடமை. 22 என்று கூறுவோன் அதே மூச்சில் 1993 ஏப்ரல் 30 என்றும் கூறுவானாக.

ஒப்பிடும் முறைமை

மேற்கூறியவற்றைத் திரட்டி மூன்று விதிகளாக அமைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: ஒருவரை அவர் காலத்தாரோடு ஒப்பிட்டு, அவர்க்கு மேல் எவ்வளவு உயர்ந்து நின்றார் எனக் காண்க. காலம் வேறுபட்ட இருவரை நேருக்கு நேர் நிறுத்தி யார் வெல்வார் எனக் கேளற்க.

இரண்டு: தோற்றவர் வலியை அவருடைய பட்டத்தின் எண்ணிக்கையால் அளவற்க. அவர் பிறரோடும், தமக்கு முந்தியோர் பிந்தியோரோடும் பொருத வரலாற்றால் அளக்க.

மூன்று: வாயில் அடைத்திருந்த காலத்துப் பட்டமாயின், யார் புறத்தே நின்றனர், எதனால் நின்றனர் என்பதை எண்ணின் அருகே குறித்துக்கொள்க. இதனைப் பிறர் விரும்பும் வீரர்க்கே செய்து, தாம் விரும்பும் வீரர்க்குச் செய்யாது விடற்க.

இவ்விதிகளைக் கைக்கொண்டால் எக்காலத்தும் தலையாயவர் இன்னார் என்னும் விடை கிடைக்குமோ எனின், கிடையாது. ஆனால் 1969-ஆம் ஆண்டு லேவர் தம் காலத்தில் எதிர்க்க இருந்தோர் எல்லாரையும் எதிர்த்து வென்றார் என்றும், ஜோகோவிச் தமக்கு முந்திய தலைமுறையோடும் உடன்பிறந்த தலைமுறையோடும் பிந்திய தலைமுறையோடும் பொருது நின்றார் என்றும், ரோஸ்வாலின் எட்டு என்னும் எண் அவர் வலியிற் பாதியையும் காட்டாது என்றும் துணிந்து கூறலாம். வழக்கு முடியாது, ஆயின் வழக்காடுவோர் பொய் கூறாதிருப்பர்.

முடிவுரை

ரோஸ்வால் 1956 இறுதியில் 22 வயதிற் புரொபஷனலானார். வாயில் திறந்தபோது அவர்க்கு 33 வயது. இடைப்பட்ட பதினோராண்டும் அவர் விம்பிள்டன் பெரும்பட்டப் போட்டியில் ஆட இயலவில்லை. அங்கே 1954, 1956, 1970, 1974 ஆகிய நான்காண்டிலும் இறுதிவரை வந்து நான்கிலும் தோற்றார். இறுதியாக 1974-இல் எதிர்நின்றவர் 21 வயதினராகிய கானர்ஸ். ரோஸ்வாலுக்கு அப்பொழுது 39 வயது. 6-1, 6-1, 6-4 என்பது முடிவு. விம்பிள்டனில் வென்றோர் பெயர்ப் பலகையிற் கானர்ஸ் பெயர் உண்டு; ரோஸ்வால் பெயர் இல்லை.

புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் பாடியதொரு பாட்டு உளது. வெண்ணிப் போரிற் கரிகாலன் வென்றான். எதிர்நின்ற பெருஞ்சேரலாதன் முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்ற மன்னன் முன்னிலையிலேயே நின்று, அவன் வெற்றியை வாயாரப் புகழ்ந்து, அதே பாட்டில், வடக்கிருந்த சேரன் அவனினும் நல்லன் அல்லனோ என வினவுகின்றார் அப்புலவர். கரிகாலன் புகழ் அதனாற் குறைந்திலது. இத்தகையோனை வென்றான் என்பதனால் அது வளர்ந்தது.

வென்றவரைப் பாடும்போது எதிர்நின்றவரையும் அவர் தகுதிக்கேற்பப் பாடுதல் நம் பழம்புலவர் கண்ட நெறி. ஆட்டக்களத்து வீரரைப் பற்றிப் பேசுங்கால் நாமும் அந்நெறியிற் செல்வோமாக.